திகம்பர சாமியாரைப் படைத்தவர்

நம் சங்கத்துத் திங்களிதழில் குலவரலாறும் கோயில் வரலாறும் பெரியோர் சரிதமுமே கண்டு பழகிய அன்பர்கள், துப்பறியும் கதை எழுதிய ஒருவரைப் பற்றி யாம் எழுதப் புகுந்தமை கண்டு சிறிது வியப்புறுவர். இதழாசிரியரும் வியப்புற்றார். புலவர் பட்டம் பெற்ற ஒருவர் எழுதத்தக்க பொருளோ இது என்று அவர் வினவியதற்கு, முழுதும் படித்தபின் தாங்களே கூறுக என்று மட்டும் விடையிறுத்தோம். இவ்வாண்டு நம் செயற்குழுவினர் எம்மிடம் ஒப்படைத்த ஒரு கட்டுத் தாள்களே இக்கட்டுரைக்கு மெய்யான காரணமாகும். அத்தாள்களைப் பற்றிப் பின்னர்க் கூறுவோம். முதற்கண் ஒரு மரப்பெட்டியிலிருந்து தொடங்குதல் வேண்டும்.

எம் பாட்டியார் காலத்தில் கள்ளக்குறிச்சி தென்னார்க்காடு மாவட்டத்தில் ஒரு தாலுகாத் தலைநகர். 2019-ஆம் ஆண்டில் தனி மாவட்டமாகும் என்று அன்று சொல்லியிருந்தால் எவரும் நகைத்திருப்பர். அவ்வூரில் மாலை விளக்கேற்றியபின் எம் வீட்டு நடையில் தெருப் பெண்டிர் எழுவர் எண்மர் கூடுவராம். அவருள் எழுத்துக் கூட்டிப் படிக்க வல்லவர் எம் பாட்டியார் ஒருவரே. அவர் உரக்கப் படிப்பார், ஏனையோர் கேட்பர். படிக்கப்பெற்றது இராமாயணமன்று; வடுவூர் கே. துரைசாமி ஐயங்கார் இயற்றிய ‘மேனகா’. பாட்டனார் வரும் செருப்போசை கேட்டதும் புத்தகம் முறத்தின் கீழ்ப் புகுந்துவிடும். கள்ளன் கதை படித்தால் களவு வரும் என்பது பாட்டனார் கொள்கை. அம்மரப்பெட்டியில் ‘மேனகா’ இரு பாகங்களும், ‘கும்பகோணம் வக்கீல்’ முதற்பாகமும் செல்லரித்த நிலையில் எமக்குக் கிடைத்தன. யாம் புலவர் வகுப்பிற் பயின்ற நாளில் நன்னூலுக்கு அடியில் ‘மேனகா’வை வைத்துப் படித்ததற்காக, ஆசிரியர் ஒருவர் எம்மை வகுப்பினின்றும் வெளியே நிறுத்தியதுண்டு. பாட்டனாரும் அவ்வாசிரியரும் ஒரு கட்சி. பாட்டியாரும் யாமும் மறு கட்சி.

துப்பறியும் கதை தமிழுக்கு வந்த வழியைச் சுருங்கக் கூறுவோம். மாயூரம் முனிசீப் வேதநாயகம் பிள்ளையவர்களின் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ 1879-இல் வெளிவந்து தமிழ் நாவலுக்குக் கால்கோள் செய்தது. அதன்பின் பதினைந்தே ஆண்டில், 1894-இல், பண்டித ச. ம. நடேச சாஸ்திரியார் தானவன் என்னும் போலீஸ் நிபுணனைத் தமிழில் உலவவிட்டார். டிக் டோனவன் என்ற பெயரால் ஆங்கிலத்தில் உலவிய துப்பறிவோனே தமிழ் மண்ணில் கால் வைத்ததும் தானவன் ஆயினன். சாஸ்திரியார் தொல்பொருள் ஆராய்ச்சித் துறையில் கல்வெட்டும் செப்பேடும் படித்தவர். தேய்ந்த எழுத்தைக் கூட்டி மறைந்த செய்தியைக் காண்பவர்க்குத் துப்பறியும் கதை பிடித்ததில் வியப்பொன்றுமில்லை. இதனை அன்பர்கள் நினைவில் வைக்க வேண்டுகிறோம். அவர்க்குப்பின் ஜே. ஆர். ரங்கராஜு 1908-இல் ‘இராஜாம்பாள்’ எழுதித் துப்பறியும் கோவிந்தனை வீடுதோறும் அறிமுகம் செய்தார். ‘ஆனந்தபோதினி’ ஆசிரியராய் விளங்கிய ஆரணி குப்புசாமி முதலியார் ஆனந்தசிங் என்பானைக் கொணர்ந்தார். ஷெர்லாக் ஹோம்ஸ் தலைப்பாகை கட்டிய உருவமே அவன்.

இவ்வரிசையில் வந்தவரே வடுவூரார். மன்னார்குடிக்கு அணித்தான வடுவூர், கோதண்டராமர் திருக்கோயிலாலும், குளிர்காலத்தில் வெளிநாட்டுப் பறவைகள் வந்திறங்கும் ஏரியாலும் பெயர்பெற்றது. அவ்வூரில் 1880-இல் தோன்றிய துரைசாமி ஐயங்கார் பி. ஏ. பட்டம் பெற்றுத் தாசில்தார் உத்தியோகத்தில் அமர்ந்தார். அக்காலத்துத் தாசில்தார் என்றால் சிற்றரசர்க்கு நிகர். அப்பதவியை உதறிச் சென்னைத் திருவல்லிக்கேணியில் குடியேறி, எழுத்தையே பிழைப்பாக்கிக் கொண்டார் அவர். இன்றும் எழுதிப் பிழைத்தல் எளிதன்று. அன்று அது பித்தென்றே கருதப்பட்டிருக்கும். ஆயினும் அவர் நூல்கள் விற்றன. ‘மேனகா’, ‘கும்பகோணம் வக்கீல்’, ‘மாயா விநோதப் பரதேசி’, ‘மதன கல்யாணி’, ‘சௌந்தர கோகிலம்’, ‘பூர்ணசந்திரோதயம்’ எனப் பாகம் பாகமாய் வந்தவற்றை மக்கள் தபாலில் வருவித்துப் படித்தனர். நம் பக்கத்தார் சின்னசேலம் புகைவண்டி நிலையத்தில் வந்திறங்கும் உறவினரிடம், சென்னையிலிருந்து வேறொன்றும் வேண்டா, அடுத்த பாகம் மட்டும் வாங்கி வருக என்று சொல்லியனுப்புவர் எனப் பாட்டியார் கூறுவதுண்டு.

பிறரையும் அவர் எழுதத் தூண்டினார். எழுதப் பழகாத நிலையில் தம் முதல் நாடகத்தைத் தோழி ஒருவரைக்கொண்டு எழுதுவித்த வை. மு. கோதைநாயகி அம்மையார், 1925-இல் ‘ஜகன்மோகினி’ இதழை ஏற்று நடத்தலானது வடுவூராரின் யோசனையால் என்பர். அம்மையாரின் முதல் நாவலாகிய ‘வைதேகி’யும் துப்பறியும் கதையே. நூற்றுக்கு மேற்பட்ட நாவல்கள் அவர் கையிலிருந்து பின்னர் வந்தன. எம் வீட்டு நடையில் கூடிய பெண்டிரைப் போன்றோர் தமிழகமெங்கும் இருந்தமையாலன்றோ இது கைகூடியது!

இனி ‘மேனகா’வைச் சிறிது விரித்துரைப்போம். வராகசாமி என்னும் வக்கீலின் இளமனைவி மேனகா. கணவன் கெட்டவனல்லன், காதுக்கு எட்டியதை நம்புகிறவன். அவனுடன் வாழும் கைம்பெண்களாகிய உடன்பிறந்தார் இருவர், அவன் மனைவியைப் பொருளாசையால் ஒரு செல்வனுக்கு விற்றுவிடுகின்றனர். விற்றபின், அவள் ஓடிப்போனாள் என்று கதை கட்டுகின்றனர். கடிதங்கள் சான்றாகக் காட்டப்படுகின்றன; கணவன் நம்பி நெஞ்சுடைகின்றான். அந்நியன் வீட்டில் சிறைப்பட்ட மேனகாவைக் காப்பவள் அவ்வீட்டுப் பெண்மணியாகிய நூர்ஜஹான். தன் குலத்தாள் விற்ற பெண்ணைப் பிற மதத்தாள் காக்கின்றாள். கதை கேட்ட பெண்டிர் இவ்விடத்தில் விளக்குத் திரியைத் தூண்டக்கூட மறந்திருப்பராம். ஒவ்வொருத்தியும் புகுந்த வீட்டில் நாத்தூண் நங்கையோடு வாழ்ந்தவள். கடிதம் படிக்கத் தெரியாதவள் மேல் கடிதத்தைக் கொண்டே பழி சுமத்தக்கூடும் என்பதை அவர்க்கு அறிவித்தது இந்நாவல். எழுத்தறிய வேண்டுமென்ற ஆசை அவருட் சிலர்க்கு அந்நடையிலேயே பிறந்தது. எம் பாட்டியாரிடம் இருவர் அகரம் பயின்றனர்.

சிக்கல்களை அறுக்க வருபவரே திகம்பர சாமியார். துறவிக் கோலத்தில் திரியும் துப்பறிவாளர் அவர். பல வேடம் புனைவார். போலீஸார் கைவிட்டதைக் கண்டுபிடிப்பார். சீமைத் துப்பறிவோர் ஆராய்ச்சிச் சாலையும் உருப்பெருக்கிக் கண்ணாடியுமாய் வருவர். வடுவூரார் நம் நாட்டில் எவ்வாசலிலும் தடையின்றி நுழைய வல்லார் யார் என்று எண்ணியே சாமியாரைத் தேர்ந்தார் போலும். பிச்சைக்கு நிற்பவனை ஒருவரும் உற்று நோக்குவதில்லை. அவனோ எல்லாரையும் நோக்குவான்.

பழந்தமிழ் கற்றோர் இவ்வகைக் கதையை இகழ்தல் எமக்கு உடன்பாடன்று. சிலப்பதிகார வழக்குரை காதையை நோக்குக. பொற்கொல்லன் சொல்லை மட்டும் நம்பி, ஆராயாது கொலைத்தண்டம் விதித்தான் பாண்டியன். கண்ணகி அவைக்கண் வந்து செய்ததென்னை? அரசியின் சிலம்பிலுள்ள பரல் முத்து, தன் சிலம்பிலுள்ளது மாணிக்கம் என நிறுத்தி, சிலம்பை உடைத்துக் காட்டினாள். அழுகையால் மட்டும் அவள் வழக்கு வெல்லவில்லை. கண்ணெதிர் வைத்த சான்றால் வென்றது. மணிமேகலை, காட்சியளவை, கருத்தளவை முதலியவற்றையும், அவை வழுவுறும் முறையையும் விரித்துரைக்கும். புகையால் நெருப்பை அறிதலும், புகைபோன்ற பனியைக் கண்டு மயங்குதலும் தருக்க நூலார்க்கு மட்டும் உரியனவல்ல. திகம்பர சாமியாரின் தொழிலும் அதுவே. இதனை அன்று வகுப்பில் கூறியிருப்பின் எம் ஆசிரியர் உள்ளே அழைத்திருப்பாரோ என்னவோ!

குறைகளை மறைத்தல் வரலாறு ஆகாது. அக்காலத்து நாவலாசிரியர் பலரைப் போலவே வடுவூராரும் ரெயினால்ட்ஸ் முதலிய ஆங்கில நாவலாசிரியரிடம் தாராளமாய்க் கடன் கொண்டார். 1933-இல் தொடங்கிய ‘மணிக்கொடி’யைச் சார்ந்த எழுத்தாளர் தழுவல் தொழிலைக் கடுமையாய்ச் சாடினர். மொழிபெயர்த்தலும் வழிநூல் வகையுள் ஒன்றெனத் தொல்காப்பியம் கொள்ளும். ஆதலின் தழுவியது குற்றமன்று, எங்கிருந்து தழுவினோம் என்று கூறாமையே குற்றம் என்பது எம் கருத்து. நடையும் நீளம், ஒருவன் கதவைத் திறக்குமுன் வாசகன் ஒருமுறை உண்டு எழுந்துவிடலாம்.

இவற்றினும் பெரிய குறை ஒன்றுண்டு. அவர் கதைகளில் பலகால் முகமே குற்றத்தைச் சொல்லிவிடும், சில குடியிற் பிறந்தார் தீயராகவே வருவர், கைம்பெண்கள் சூழ்ச்சிக்காரர், வேலைக்காரர் திருடர். நூர்ஜஹானைப் படைத்த கையே இவற்றையும் எழுதியது. ஆராய்ந்து காணுமுன் பிறப்பைக் கொண்டு ஐயுறும் இவ்வழக்கம் கதையோடு ஒழியவில்லை. 2024-ஆம் ஆண்டு சூன் திங்களில் நம் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டோர் உயிரைக் கொண்டதை எவரும் மறந்திரார். அந்நாட்களில் கல்வராயன் மலையிலிருந்து கீழிறங்கிய பிள்ளைகளை, மலையான் என்ற ஒன்றுக்காகவே கடைவீதியில் சிலர் ஏற இறங்க நோக்கியதை யாம் கண்ணாற் கண்டோம். அவருள் இருவர் எம்மிடம் பயின்ற மாணவர். கல்லூரிக்குப் படிவம் வாங்க வந்தவர். அவர்களைச் செய்தி கேட்பது போல் குறுக்கே நிறுத்தி விசாரித்தவர்களில் நம் சங்கத்து உறுப்பினரும் இருந்தனர் என்பதை எழுதாதிருக்க மனம் ஒப்பவில்லை.

வடுவூராரின் புகழைப் பெருக்கியவை நாடகமும் படமும். எம். கந்தசாமி முதலியார் ‘மேனகா’வை நாடகமாக்க, டி. கே. எஸ். சகோதரர்கள் நடித்தனர். 1935-இல் ராஜா சாண்டோ அதனைப் பேசும் படமாக்கினார், கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன் நடித்து முதன்முதல் வெளிவந்த படம் அது. 1950-இல் நம் மலைக்கு மேற்கே சேலத்து மாடர்ன் தியேட்டர்ஸார் ‘திகம்பர சாமியார்’ எடுத்தனர். பிற்காலத்தில் கொடியவனாகவே நடித்துப் பெயர்பெற்ற எம். என். நம்பியார் அதில் பல வேடந் தாங்கும் கதாநாயகர். மணல் பரப்பிய டூரிங் கொட்டகையில் அதனைக் கண்ட முதியோர் நம்மூரில் இருந்தனர். எம் பாட்டனாரும் அவருள் ஒருவர்! புத்தகத்தை வெறுத்தவர் படத்திற்கு இருமுறை சென்றதைப் பாட்டியார் கடைசிவரை சொல்லிக் காட்டினார்.

இனி அத்தாள்களுக்கு வருவோம். வடுவூரார் தம் பிற்காலத்தில் கதையை விட்டு ஆராய்ச்சியில் இறங்கினார். தாம் பிறந்த வடகலை ஐயங்கார் மரபினர் பண்டை எகிப்து நாட்டினின்றும் வந்தவர் என்பது அவர் துணிபு. அதனை நிறுவ ஆங்கிலத்தில் பெருநூல் ஒன்று எழுதி அச்சிட்டார். அறிஞர் உலகம் அதனை ஏற்கவில்லை. நாவல்களால் ஈட்டிய பொருள் அதிற் கரைந்தது. ஒருவர் கதை எழுதியே சேர்த்ததை இங்ஙனம் இழந்தமை நினைக்குந்தோறும் எமக்கு இரக்கம் மிகுகின்றது. நகைப்பு வரவில்லை. ஒரு துண்டுக் கடிதத்தை வைத்துக்கொண்டு, இது யார் கை, எப்போது எழுதியது, யார் கண்டார் என்று திகம்பர சாமியாரை வினவவைத்த அதே மனிதர், தம் குலம் என்ற இடத்து வந்ததும் அவ்வினாக்களை வினவாது விட்டார். பிறர் வீட்டுக் களவைக் காணும் கண், தன் வீட்டுப் பெருமையைக் காணுங்கால் பனிபடர்ந்துவிடுகின்றது.

நம் செயற்குழுவினர் எம்மிடம் தந்த கட்டு, அடுத்த ஆண்டு மாநாட்டில் வெளியிடக் கருதிய குலவரலாற்று நூலின் கையெழுத்துப் படி. பிழைதிருத்தித் தருக என்பது கட்டளை. அதில் நன்முயற்சி பல உள. குடும்பங்களின் பெயர்வழிப் பட்டியலும், கோயில் திருப்பணிக் கணக்கும், பழைய கிரையப் பத்திரங்களின் சுருக்கமும் பொன்போற் போற்றத்தக்கவை. ஆனால் மூன்றாம் இயல், இரு சொற்களின் ஒலி ஒத்திருத்தல் ஒன்றையே பற்றுக்கோடாகக் கொண்டு, நம் முன்னோரைக் கடல்கடந்த நாட்டு அரசரோடு உறவாக்குகின்றது. அவ்வியலில் ஒரு செப்பேடு சான்றாகக் காட்டப்படுகின்றது. அச்செப்பேடு இப்போது யாரிடம் உளது, யார் படித்தார், படி எங்கே என்று வினவி யாம் எழுதிய கடிதத்திற்கு, இத்தகைய ஐயம் குலத்துரோகம் ஆகும் என விடை வந்தது. செப்பேடு வரவில்லை.

யாம் கல்வராயன் மலைமேல் வெள்ளிமலைப் பக்கத்துப் பள்ளியில் சில ஆண்டு பணியாற்றியதுண்டு. அங்குள்ள மலையாளி மக்கள், தம் முன்னோர் காஞ்சியினின்று வந்த உடன்பிறந்தார் மூவர் என்றும், அவர்கள் மலைகளைப் பங்கிட்டுக்கொண்டனர் என்றும் வழிவழியாய்க் கூறுவர். ஆங்கிலேயர் காலத்து நூல்களிலும் இவ்வழக்கு பதிவாகியுள்ளது. ஒருநாள் மாணவன் ஒருவனின் பாட்டனாரிடம், இதற்குச் சான்று ஏதேனும் உண்டோ என்று வினவினோம். அம்முதியவர் பல்லில்லா வாயால் நகைத்து, "எங்க தாத்தா சொன்னாரு, நான் கேட்டேன். பாத்தவங்க யாருமில்ல, வாத்தியாரையா" என்றார். காட்சி வேறு, கேள்வி வேறு என்பதை மணிமேகலை படியாத அவர் வாய்மொழியாற் கேட்டோம். கதையை அவர் விட்டுவிடவுமில்லை. அதனைச் செப்பேடு ஆக்கவுமில்லை.

ஆதலின் மூன்றாம் இயலை மட்டும் திருத்தாது செயற்குழுவிற்குத் திருப்பியுள்ளோம். ஏனைய இயல்கள் பிழைநீங்கி அச்சிற்கு ஆயத்தமாயுள. செப்பேடு கிடைப்பின், அதனைத் துறையறிந்தார் படித்துத் தருவராயின், அவ்வியலையும் முதன்முதல் மகிழ்ந்து திருத்துபவர் யாமே ஆவோம். மாநாட்டுக்கு முன் இதுபற்றி அன்பர்கள் தம் கருத்தை இதழுக்கு எழுதுக.

வடுவூரார் 1942-இல் காலமானார். அவ்வாண்டளவிற்றான் ‘ஆனந்த விகட’னில் தேவன் அவர்களின் துப்பறியும் சாம்பு உலவத் தொடங்கினான், அறிவாற் கண்டறிந்த சாமியாரின் இடத்தில், அதிர்ஷ்டத்தாற் கண்டுபிடிக்கும் அசடன் வந்தமர்ந்தான், தமிழர் நகைத்து மகிழ்ந்தனர். அதன்பின் தமிழ்வாணனின் சங்கர்லால், சுஜாதாவின் கணேஷும் வசந்தும் எனப் பரம்பரை நீண்டது. வடுவூராரின் நூல்கள் இக்காலத்தே மறுபதிப்பாகவும் மின்பதிப்பாகவும் கிடைக்கின்றன. ஆதலின் கதையின் முடிவை அறிய எவரும் இடர்ப்பட வேண்டுவதில்லை.

ஆயினும் ஒரு வேண்டுகோள். பாட்டியாரின் மூன்று புத்தகங்களையும் நம் சங்கப் படிப்பகத்துக்கு அளித்துள்ளோம். அவற்றுள் ‘மேனகா’ இரண்டாம் பாகத்தின் இறுதித் தாள்கள் சில இல்லை. தெருப் பெண்டிருள் ஒருவர் இரவல் கொண்டு சென்று, முடிவைப் பிரிக்க மனமின்றித் தாமே வைத்துக்கொண்டார் எனப் பாட்டியார் கூறுவார். யார் என்று கடைசிவரை சொல்லவில்லை. கள்ளக்குறிச்சிப் பழைய வீடுகளின் பரண்மேல் அத்தாள்கள் இன்னும் இருத்தல் கூடும். கண்டெடுப்பவர், பெயர் கூறாமலேனும், படிப்பகத்து வாசற்பெட்டியில் இட்டுச் செல்லலாம்.